ரோஸ்மில்க் மணக்கும் ஆய்வுக்கூடம்

மாப்ள,

இன்று தேனியில் ஒரு பழைய பஞ்சு குடோனுக்குள் ரோஸ்மில்க் வாசனை ஆளைத் தூக்கியது. படப்பிடிப்புக்காக அங்கே ஆய்வுக்கூடம் போட்டிருந்தார்கள். குடுவை குடுவையாக ரோஸ்மில்க் எசன்ஸ் கலந்த சிவப்புத் தண்ணீர், மூலையில் புகை, நடுவில் தலையைக் கலைத்துவிட்ட ஒரு விஞ்ஞானி. வசனம் அடியேன். உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

உத்தமபாளையத்தில் ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருந்தவன் நீ. ஒரு படத்தையாவது என்னை நிம்மதியாகப் பார்க்கவிட்டாயா? திரையில் குடுவை கொதித்தால் போதும், "எங்க லேப்புல கொதிக்கிறது டீ மட்டுந்தான் மாப்ள" என்பாய், முன்வரிசையே திரும்பிப் பார்க்கும்படி.

நானோ மருத்துவத்தைத் தியேட்டரில் படித்தவன். ஒருமுறை தலைசுற்றுகிறதென்று உன்னிடம் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டைப் பார்த்தாய், கண்ணாடியைக் கழற்றினாய். சினிமாவில் அதற்கு ஒரே அர்த்தம்தானே? அங்கேயே தம்பிக்குப் போன் போட்டு, "கோம்பைத் தென்னந்தோப்பை நீயே வச்சுக்கடா" என்று தழுதழுத்தேன். நீ சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாய். "ஏலே, இப்ப யாரு செத்துப்போனா? ரிசல்ட்டு கொஞ்சம் இடிக்குது. ஏன்னு தெரியலை. இன்னொரு தடவை பாத்துருவோம், கையை நீட்டு."

மறுபடி பார்த்ததில் ஒன்றுமில்லை. தம்பிதான் இன்றுவரை தேங்காய் வெட்டும்போது எனக்குச் சொல்வதில்லை.

போன வருடம் உன் ரத்தத்தையே பார்த்தாய். அப்போதும் அதே பேச்சு: "இன்னொரு தடவை பாத்துருவோம்." இரண்டாம் தடவையும் மாறவில்லை. "இப்பத் தெரிஞ்சிருச்சு மாப்ள" என்றாய். பின்னணியில் வயலின் ஏதும் அழவில்லை. கம்பம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வருடம் முடியுமுன் நீயும் போய்விட்டாய்.

இன்றைய காட்சி இதுதான்: ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் மயங்கி விழுகிறார்கள். விஞ்ஞானி குடுவையை ஒரு ஆட்டு ஆட்டி, "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்த வேண்டும். நான், "தெரியலை, இன்னொரு தடவை பாக்கணும்" என்று எழுதிக் கொடுத்தேன்.

இளம் இயக்குநருக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, சயின்டிஸ்டே தெரியலைன்னா சனம் எந்திரிச்சுப் போயிருவாக. மாத்துங்க, இல்ல வேற ஆளை வச்சு எழுதிக்கிறோம்."

ஒரு வடைக்கு முழு வசனத்தையும் மாற்றிக் கொடுப்பவன் நான். அது உனக்குத் தெரியும். இன்று மட்டும் அசையவில்லை. "அந்த வரி போனா என் பேரையும் எடுத்துருங்க தம்பி. ஒரே ஒரு தடவை எடுத்துத்தான் பாருங்களேன்."

எடுத்தார். நடிகர், "தெரியலை" என்றார். கூட்டத்தில் நிற்பதற்காகத் தேவதானப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, வசனமே இல்லாதவர், தன்னை மறந்து கேட்டுவிட்டார்: "அய்யா, அதுவரைக்கும் புள்ளைகளுக்கு எந்தத் தண்ணியக் குடுக்க?"

இயக்குநர் கட் சொல்ல மறந்துபோனார்.

வரி படத்தில் இருக்கிறது, மாப்ள. அந்த அம்மாவும் இருக்கிறார். புகையைத்தான் நிறுத்த முடியவில்லை.

உன் "தெரியலை"யை இப்போது நானும் தைரியமாகச் சொல்லித் திரிகிறேன். நீ சொன்னால் அது விஞ்ஞானம். நான் சொன்னால் என் வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.