உங்கள் குரலில் பேசிய செயலி

கருவடிக்குப்பம், புதுச்சேரி

கவிநிலாவின் அப்பாவுக்கு,

"கேம் பிள்ளையைக் கெடுத்துடும், குடும்பப் படம்னா எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும்" என்று பாரீசிலிருந்து நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஒன்றாக உட்கார இங்கே நானும் அவளும் இரண்டே பேர்.

உங்கள் குரலிலேயே பேசும் செயலியை அவள் டேப்லெட்டில் ஏற்றச் சொன்னீர்கள். "புது டெக்னாலஜி, பயப்படாத" என்றீர்கள். நேற்று அதனிடம், "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்டாள். "நாளைக்கே வந்துடுறேன் செல்லம்" என்றது.

இன்று பள்ளிக்கும் போகாமல், பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடினாள். மாலையில், "மெஷினுக்குத் தெரியாதும்மா, அப்பாவைத் திட்டாத" என்று என்னைத் தேற்றினாள். ஏழு வயதுப் பிள்ளை!

அந்தச் செயலியை அழித்துவிட்டேன். இனி அவளிடம் எதுவானாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள். அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.

அவளுடைய அம்மா