மேலுமலை ஏற்றத்தில் குறையும் தூரம்

இன்று காரைத் துடைக்கும்போது முன்சீட்டுக்கு அடியில் உங்கள் துண்டு அகப்பட்டது. ஏசி போடாமல் ஓட்டுவதற்காக நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வீர்களே, அதே துண்டு. காய்ந்து அப்பளமாகக் கிடந்தது. மோந்து பார்த்தேன். அழுகை வரவில்லைங்க, அலுப்புத்தான் வந்தது. இந்த கரண்ட் காரோடும் உங்களோடும் நான் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமா?

ஓசூரில் டெலிவரி எடுத்து கிருஷ்ணகிரி வீட்டுக்கு ஓட்டிவந்த அன்று உங்களைக் கையில் பிடிக்க முடியவில்லை. பாதி வழி வந்தும் திரையில் மீதித் தூரம் குறையவே இல்லையாம். "முந்நூறு கிலோமீட்டர் போவும்னு ஷோரூம்ல சொன்னான். அதுக்கு மேலயே வரும் போலிருக்குது பாரு" என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்கள். மறுநாள் காலை கம்பெனி நண்பர்கள் மூவரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு, ஓசூருக்குக் கிளம்பினீர்கள். மேலுமலை ஏற்றத்தில் எண் மளமளவென்று இறங்கிவிட்டது. ஓசூர் மேட்டில் இருக்கிறது, முந்தின நாள் வந்தது முழுக்க இறக்கம். மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிற மனுசனுக்கு அது தோன்றவில்லை!

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர், சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். "ரூமுக்குள்ள உருளை மேல ஓட்டிப் பாத்து எழுதற கணக்கு அது. அங்க மேடு ஏது, எதிர்காத்து ஏது, ஏசி ஏது? ஹைவேஸ்ல வேகமாப் போனா, ஆளு ஏத்தினா, எல்லாம் தின்னுடும்."

அன்றோடு ஆரம்பித்தது கஞ்சத்தனம். ஓயாமல் டயரில் காற்றுப் பார்ப்பது, ரோட்டில் ஊர்ந்து போவது, சித்திரை வெயிலிலும் ஏசியை அணைப்பது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

பிறகு உங்களுக்கு நோய் வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். மருந்து ஏற்றிக்கொண்டு, வெந்துபோய் உட்கார்ந்திருப்பீர்கள். நான் ஏசியைப் போடுவேன், நீங்கள் கை நீட்டி அணைப்பீர்கள்.

"அப்புறம் ஜூஜுவாடியில நின்னு சார்ஜ் போடணும்டி. நேரம் வீணாப் போவும்."

"போனாப் போவுது. மனுசன் வேகறதுக்கா கார் வாங்கினோம்?"

ஒவ்வொரு தடவையும் இதே சண்டை. ஜெயித்தது நான்தான். அதனால் திரும்பி வரும்போது கர்நாடக எல்லையைத் தாண்டியதும் ஜூஜுவாடியில் நின்றோம்.

சார்ஜ் ஏறும்வரை வேறு என்ன செய்வது? பேசினோம். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொண்டதுதான் நம் குடித்தனம். உங்களுக்குக் கொய்யாக்காய் பிடிக்காது என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. வருசக்கணக்காக நறுக்கி டப்பாவில் வைத்திருக்கிறேனே, அட கடவுளே! டாக்டர் இன்னும் எத்தனை வருடம் என்று சொன்னதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். சிரித்தீர்கள்.

"அதுவும் ஷோரூம் கணக்குதான். மேடு ஏறாம, பாரம் ஏத்தாம ஓட்டினா அவ்ளோ வரும்."

"வாயைக் கழுவுங்க" என்று திட்டிவிட்டு டீ வாங்கப் போனேன். கடைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். ரோட்டில் கூட்டமில்லை. வீடு வரைக்கும் சார்ஜ் தாராளமாக இருந்தது. உங்களைப் படுக்கவைத்தால் போதுமென்று விரட்டிக்கொண்டு வந்தேன். ஜூஜுவாடி வந்ததும் என் கையைத் தொட்டீர்கள்.

"நிறுத்து."

"சார்ஜ் இருக்குதுங்க. வீட்டுக்கே போயிடலாம்."

"தெரியும். கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்."

நிறுத்தினேன். ஒயரை மாட்டவில்லை. ஏசியை நீங்களே போட்டீர்கள். லாரிகள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிற்கும்போதெல்லாம் முணுமுணுத்த மனுசன், அன்று கிளம்பலாம் என்று சொல்லவே இல்லை.

இப்போது அதே காரில் தனியாக ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். உடம்பு அசந்து போகிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கிளம்பலாம் என்று சொல்லாமலே இருந்தீர்கள் பாருங்கள், அதை வைத்துக்கொண்டுதான் தினமும் மேலுமலை ஏறுகிறேன்.