உன் பாட்டில் விட்டுப்போனது

ஹேசல் ஃபோர்க், கென்டக்கி
மே 6

அன்பு மகள் ட்ரீனாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை, நாஷ்வில்லில் நீயும் பேத்தி மிஸ்டியும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். உருளைக்கிழங்கு நட்டாயிற்று. உன் தம்பி டேரல் சுரங்க வேலையை விட்டுவிட்டு லாரி ஓட்டுகிறான், பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தாடி வளர்க்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

உன் பாட்டைக் கேட்டேன். வில்மா கோம்ப்ஸின் பார்லரில் தலையில் சுருள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ரேடியோவில் வந்தது, எண்பத்தொன்றில் என் கேக் தட்டை வாங்கிப்போய் நசுக்கித் திருப்பிக் கொடுத்தாளே, அந்த வில்மாதான். நாடு முழுக்க இந்த வாரம் கண்ட்ரி பாட்டுகளில் இதுதான் முதலாவதாம். உன் புருஷன் டாயில் பதினோரு நாள் உன்னோடு பேசாமல் இருந்தது, கார் எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று தினமும் குறித்து வைத்தது, கடைக்காரரிடம் நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை திரும்பச் சொல்ல வைத்தது, எல்லாம் அதில் வந்தது. பிறகு பெட்டியோடு வந்து நின்ற மகளுக்கு அம்மா சோளரொட்டியைக் கட்டிக்கொடுத்துத் திருப்பி அனுப்பும் இடமும் வந்தது. வில்மா என் பக்கம் குனிந்து, "ஓனா, அந்த அம்மா நீதானே?" என்றாள். "நானேதான், உன் வேலையப் பாரு" என்றேன்.

நீ பாடியது பொய் இல்லை. அவன் கை நீட்டுவதில்லை, குடிப்பதில்லை, சபையில் காணிக்கைத் தட்டு எடுக்கிறவன், அதனால் "அடிச்சானா? இல்லல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்டவள் நான். நன்றித் திருநாள் சாப்பாட்டில் நீ பாடுவது ஆடு கத்துவதுபோல் இருக்கிறது என்று அவன் நடித்துக் காட்டியபோது மேசையில் முதலில் சிரித்தவளும் நான். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய், அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ பாடவே இல்லை.

பாட்டில் இல்லாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மிஸ்டியைத் தூக்கிக்கொண்டு நீ லெக்ஸிங்டனில் ஒளிந்திருந்தாய், அந்த முகவரி எனக்கும் உன் சிநேகிதி ஜானீஸுக்கும் மட்டும்தான் தெரியும், மூன்றாவது வாரம் டாயில் வாசலில் வந்து நின்றான். சொன்னது ஜானீஸ் என்று நினைத்து அவளோடு பேச்சை முறித்துக்கொண்டாயே, அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். அக்டோபர் ஒன்பது, புதன்கிழமை, நம் சபையின் ஜெபச் சங்கிலியில் உன் பேரைக் கொடுத்தேன். நீ புருஷனிடம் திரும்ப வேண்டும் என்று ஜெபிக்கச் சொன்னதோடு நின்றிருக்கலாம், எந்தத் தெரு, எந்த மாடி என்றும் சொன்னேன். ஒருத்தி அடுத்தவளுக்குப் போன் செய்ய வேண்டும், ஐந்தாவது ஆள் டாயிலின் அத்தை. அது தெரிந்தேதான் சொன்னேன். நீ ஜானீஸைத் திட்டியபோதெல்லாம் போனின் இந்தப் பக்கம் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தேன், நாலு வருஷமாக.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னேன். டாயிலின் அத்தை, "பாட்டு ஓடுதுன்னதும் ஞானம் வந்துடுச்சோ?" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். அங்கிருந்து டேரலை ஓட்டச் சொல்லி ஜானீஸ் வீட்டுக்குப் போனேன். அவள் என்னை உள்ளே கூப்பிடவில்லை, கதவைப் பிடித்தபடி கேட்டு முடித்துவிட்டு, "ஒரு தடவை அவ என்னையே கேட்டிருக்கலாம்ல? நாலு வருஷமா அவ பொறந்தநாளன்னிக்கு நம்பர அழுத்திட்டு வச்சிடறேன்" என்றாள்.

மேடை மேடையாகப் போகிறாய், தொண்டைக்குத் தேன் குடி, மிஸ்டியின் பல்லை டாக்டரிடம் காட்டு. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஜானீஸின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முதலில் அவளைக் கூப்பிடு. என்மேல் உள்ள கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், அது எப்படி என்று நீ என்னிடம்தானே கற்றாய்.

உன் அம்மா,
ஓனா