நான் பார்த்துவைத்த வீடு

என் எதிர்வீட்டுக்காரிக்கு,

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பச்சைக் கடலைக்காயின் மண்வாசம் விரலை விட்டுப் போகவில்லை. நகக்கண்ணெல்லாம் இந்த எருத்தேன்பதி ஊர் மண். உன் கை இப்படி இருந்தபோது, "என்னடி இது கோலம்" என்று சிரித்தவள் நான்தான். இன்று என் கையைப் பார்த்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. செத்துப்போனவள் மேல் இன்னும் பொறாமைப்பட்டுக்கொண்டிருப்பவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டைக் கண்டுபிடித்தது நான். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் எதிரெதிர்க் கதவில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம், "ஒரு கிணறு, ஒரு வேப்பமரம், பின்னால் கொஞ்சம் நிலம், அது போதும்" என்று புலம்பியது நான். நீ கிளிப்பை மாட்டிக்கொண்டே, "ஆசை இருக்கு தாசில் பண்ண" என்று பாதிப் பழமொழியோடு நிறுத்திச் சிரிப்பாய். விலைக்கு ஒரு வீடு இருக்கிறது என்று ஆபீஸில் ஒருவர் சொல்லி விலாசம் வாங்கியதும் நான். துணைக்கு வா என்று வேலந்தாவளம் பஸ்ஸில் உன்னை ஏற்றி, கேரள எல்லை தாண்டி இந்த ஊருக்குக் கூட்டிவந்ததும் நான். ஓட்டு வீடு, கிணறு, நான் கேட்ட மாதிரியே வேப்பமரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முந்தானையைப் பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் பாம்பு வரும் என்றார், ஆஸ்பத்திரி தூரம் என்றார், மலையாளத்தில் கரன்ட் பில் வந்தால் யார் படிப்பது என்றார். நான் இரண்டு வாரம் இழுத்தடித்தேன். அப்போதுதான் நீ கதவைத் தட்டினாய். "நீ எடுக்கலீன்னா நான் எடுத்துக்கட்டுமா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொல்லு." நான் சிரித்துக்கொண்டே "தாராளமா எடுத்துக்கோ" என்றேன். வாய்தான் சொன்னது. வயிறு எரிந்தது.

தனியாக ஒரு பெண்பிள்ளை, புருஷனும் இல்லை, மகன் பெங்களூரில். ஆறு மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். நீ திரும்பவில்லை. பஞ்சாயத்து ஆபீசில் மலையாள விண்ணப்பத்தைத் தட்டுத்தடுமாறி நிரப்பினாய். செருப்பில்லாமல் நடந்தாய். வயது குறைந்து நாற்பது வயதுக்காரி மாதிரி ஆகிவிட்டாய். நான் வரும்போதெல்லாம் குற்றம் தேடினேன். கொசு, குரங்கு, பஸ் இல்லை, பால் தண்ணீராக இருக்கிறது. நரிக்குத் திராட்சை புளித்த கதைதான். நீ கொடுத்துவிட்ட அவரைக்காயை வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்ததா என்று போனில் கேட்டாய். கொஞ்சம் முற்றல் என்றேன்.

போன வருடம் இதே சமயத்தில் கூப்பிட்டாய். "நாளைக்குக் கடலக்கா புடுங்கறாங்க. ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போடி. உனக்குன்னு கட்டிலெல்லாம் போட்டு வெச்சிருக்கறேன்." முழங்கால் வலி என்றேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. உன் சந்தோஷத்தை ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் உன் மகன் கூப்பிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டாய்.

சாவுக்கு வந்தேன். வாசல் முழுக்கப் பெண்கள், ஒப்பாரி வைத்து அழுதார்கள். அந்த இடத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் அடுக்குமாடியில் நான் செத்தால் லிப்டில் எப்படி இறக்குவது என்றுதான் பேசுவார்கள், இவளுக்கு மட்டும் இத்தனை கண்ணீரா என்று. உன் காலடியில் நின்றுகொண்டு இதை நினைத்தேன்.

பூட்டிய வீட்டை என்ன செய்வது என்று உன் மகன் தவித்தபோது, வாடகைக்குத் தருகிறாயா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். ஆறு மாதமாக இங்கேதான் இருக்கிறோம். பாம்பு வரும் என்ற அதே மனிதர் இப்போது, "காத்து என்னமா இருக்கு பாரு" என்கிறார். கழுத்தை நெரிக்கலாம்போல இருக்கிறது.

பின்பக்க நிலத்தில் இந்த முறையும் பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாதான் கடலைக்காய் போட்டிருந்தாள். செடி பிடுங்கி, காயை மூட்டை கட்டிக் கொண்டுபோய்விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் நான்கு பெண்கள் சின்னக் களைக்கொத்து வைத்து நிலத்தைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்ததே கோபம். "யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்று கத்தினேன். "தெரியாம வந்துட்டமுங்" என்று ஒருத்தி எழுந்தாள். மடியில் இருந்த காயையெல்லாம் வரப்பில் கொட்டிவிட்டு நான்கு பேரும் போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பொன்னாத்தா அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்க்கா, பொறுக்க வந்தவங்கள ஆராச்சும் வையறாங்களா? புடுங்கி முடிச்சா, மண்ணுல விட்டுப்போனது பொறுக்கறவங்களுக்குத்தானுங்க. காட்டுல வெதச்ச நாங்களே கேக்கமாட்டோம். அந்தக்காவெல்லாம் அவங்களே கொத்த எடுத்துட்டு எங்ககூட வந்து உக்காந்துக்குவாங்க."

அந்தக்கா, அந்தக்கா! ஆறு மாதமாக உன்னை இப்படிச் சொல்லக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. ஆனாலும் அந்தக் குவியல் கண்ணை உறுத்தியது. இன்று காலையில் முறத்தில் அதை அள்ளிக்கொண்டு அவர்கள் தெருவுக்கே போனேன். "தெரியாமப் பேசிட்டேன், வாங்க" என்றேன். பெருந்தன்மையாக வந்தார்கள். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பொன்னாத்தா பக்கத்தில் குந்தினேன். கால் மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிட்டது.

பொன்னாத்தா என் திண்டாட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, "ஏனுங்க்கா, இந்த ஊட்டப் பாத்து வெச்சது நீங்கதானுங்களாமா?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அந்தக்காதானுங். இந்தக் காட்டுல உக்காந்துட்டுத்தான் சொல்லுவாங்க. 'இந்த ஊடு என்ற சினேகிதியோடது பொன்னாத்தா. அவ மனசு தெடமாயி வர்ற வரைக்கும் நான் வெளக்கு வெச்சுட்டு இருக்கறேன்'னு. போன வருசம் புடுங்கறப்ப வாசலுக்கும் காட்டுக்குமா நடந்துட்டே இருந்தாங்க. 'இன்னிக்கு வந்துருவா'ன்னாங்க. நாங்கூட நீங்க வந்துருவீங்கன்னுதான் நெனச்சனுங்."

நான் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இதைக் கேட்ட பிறகாவது உன் மேல் இருக்கும் பொறாமை தீரும் என்று பார்த்தேன். தீரவில்லையடி. இப்போது வேறு இடத்தில் எரிகிறது. அன்று நான் முந்திக்கொண்டு எடுத்திருந்து, நீ ஏங்கிக்கொண்டு நின்றிருந்தால், இந்த வீட்டை உன்னுடையது என்று நான் ஒருத்தரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.