உருளைக்கு முன்னால் ஒரு சிவப்புக் கம்பி

நேற்று கஹவத்தை பஸ்ஸில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலடியில் ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்துக்கொண்டார். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியதும், மூக்கைச் சுள்ளென்று குத்தும் அந்த வாசம் எழுந்தது. இறப்பர் பாலை உறைய வைக்கிற அசிட். ஒரு நொடி நீதான் பக்கத்தில் இருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

மூடியை இறுக்கச் சொல்லி அவரிடம் உன்னிடம் கற்ற அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் இறுக்கினார். நீயாக இருந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டாய். கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கொண்டக்டர் முதல் கடைசி சீட் வரைக்கும் ஒரு வகுப்பே நடத்திவிட்டுத்தான் இறங்கியிருப்பாய்.

உன்னோடு வேலை செய்த வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்த ஐந்து நாட்கள்தான். தொண்ணூறுகளின் கடைசி. நாம் ஸ்டோர் என்று சொல்லும் தோட்டத்து இறப்பர் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பேரை இரத்தினபுரிக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு, தொழிலாளர் சுகாதாரம். ஆண்கள் ஒருவரும் அசையவில்லை. "சிங்களத்துல பேசுறத ஒக்காந்து கேக்கவா?" என்றார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்தவள் நீ. ஸ்டோர் ஐயா உன் பெயரை எழுதினார். "மகேஸ் வந்தாத்தான் நானும் போவேங்க" என்று சொல்லி என் பெயரையும் எழுத வைத்தாய்.

பால் தொட்டியில் அசிட் கலக்குவது உன் வேலை. உறைந்த பாலை உருளை மெஷினுக்குள் கொடுத்துத் தகடாக்குவது என் வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்குக் குரல் நடுங்கும். அப்படிப்பட்டவளை ஏன் இழுத்துக்கொண்டு போனாய் என்று பெல்மதுளையில் பஸ் மாறும்போது கேட்டேன். மீன் வைத்த மாலு பணிஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்: "ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும்தானே நாம இரத்தினபுரிக்குப் போயிருக்கோம். ஒரு தடவ சும்மா சிரிச்சிக்கிட்டுப் போய்ப் பாப்போம் புள்ள."

வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் பெண்கள். பயிற்சி தந்தவரும் ஒரு பெண் என்பதால் நீ முதல் நாளே முன் வரிசைக்குப் போய்விட்டாய். மிஸ் சொல்வதையெல்லாம் என் காதில் நம் பேச்சுக்கு மாற்றிச் சொல்லுவாய். "ஸ்டோருல ரொம்ப ஆபத்தான சாமான் எதுன்னு கேக்குறாங்க. எல்லாரும் மெஷினு, பொயிலருன்னு சொல்றாங்க. அதெல்லாம் இல்லையாம். 'பரவாயில்ல'ங்கிற வார்த்ததானாம்." பின்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

மூன்றாம் நாள் அவரவர் வேலை செய்யும் இடத்தைப் படமாக வரைந்து, ஆபத்தான இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். நீ உருளை மெஷினுக்கு ஒரு புள்ளி வைத்தாய். அசிட் பீப்பாவுக்கு ஒன்று, வழுக்கும் கக்கூஸ் படிக்கட்டுக்கு ஒன்று. கடைசியில் சுவரில் இருந்த சுவிட்சுக்கும் பெரிதாக ஒன்று வைத்தாய். மெஷினை நிறுத்துகிற சுவிட்சுக்கு எதற்குச் சிவப்பு என்று மிஸ் கேட்டார். நீ எழுந்து நின்று பதில் சொன்னாய். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னாய்: "சுவிட்சு நல்லதுதான். அது இருக்கிற எடந்தான் கெட்டது. மெஷினு கையப் புடிச்சா, எட்டடி தள்ளி இருக்கிற சுவிட்ச எப்புடி அமத்துறது?"

மிஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். பிறகு, உங்கள் தொழிற்சாலைகளில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பலர் தங்கள் படத்தைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்கள்.

கண்ணில் அசிட் பட்டால் கழுவும் முறையை, ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்து, லயத்து வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியடியில் என்னை வைத்துப் பழகினாயே, அதை மறக்க முடியுமா? என் தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரித்து, வாளி வாளியாக ஊற்றினாய். நான் கத்தினேன். "பதினஞ்சு நிமிசம் கழுவணும், பேசாம இரு" என்றாய். அந்தப் பக்கம் வந்த பாக்கியம் அக்கா நின்று பார்த்துவிட்டு, "யாருக்குப் பேய் ஓட்டுறீங்க?" என்று கேட்டார். சிரிப்பில் வாளி உன் கையை விட்டு உருண்டு போனது.

ஆனால் சுவிட்ச் காரியம் சிரிப்பில் முடிகிற ஒன்றல்ல. பயிற்சி முடிந்து வந்ததும் ஸ்டோர் ஐயாவிடம் சொன்னோம். "இத்தன வருசமா அந்த மெஷினு ஓடுது" என்றார் அவர்.

"அந்த மெஷினுலதான் மாணிக்கண்ணனுக்கு ரெண்டு விரல் போச்சுங்களே ஐயா" என்றாய்.

"அது அவன் கவனமில்லாம செஞ்சது."

நீ சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் இருக்கும்போது அவரை மெஷின் பக்கம் கூப்பிட்டாய். மெஷின் ஓடவில்லை. "ஐயா, ஒங்க வலது கைய மெஷினு புடிச்சிருச்சின்னு வைங்க. கைய எடுக்காம சுவிட்ச அமத்துங்க பாப்போம்" என்றாய். அவர் உருளைக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு மற்றக் கையை நீட்டினார். காலை நீட்டினார். எட்டவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

"சரி, பக்கத்துல ஆளு இருப்பாங்கதானே" என்றார்.

அதற்கும் நீ தயாராக இருந்தாய். ஒரு பழைய கையுறைக்குள் உறைந்த பாலைத் திணித்துக் கை மாதிரி செய்து வைத்திருந்தாய். என்னைச் சுவரிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினாய். மெஷினை ஓடவிட்டு, அந்தக் கையை ஒரு நீளக் குச்சியால் உருளைக்குள் தள்ளிக்கொண்டே, "மகேஸ், ஓடு" என்றாய். நான் ஓடினேன். சுவிட்சை அமர்த்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அது மறுபக்கம் தகடாக விழுந்து கிடந்தது. விரல் எது, மணிக்கட்டு எது என்று தெரியவில்லை.

ஸ்டோர் ஐயா அதைக் குனிந்து எடுத்தார். கீழே வைக்காமல் அப்படியே தோட்டத்து மேனேஜர் பெரிய துரையின் பங்களாவுக்குக் கொண்டு போனார்.

அடுத்த வாரமே எலக்ட்ரீசியன் வந்து, மெஷினுக்கு முன்னால் நெஞ்சு உயரத்தில் ஒரு கம்பி பூட்டிச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். சாய்ந்தால் போதும், உருளை நின்றுவிடும். அன்று முதல் நீ என்னை விடவில்லை. தினமும் காலையில் வேலை தொடங்குமுன் வந்து, "சாய்" என்பாய். சாய்வேன். மெஷின் நிற்கும். "இன்னொரு தடவ" என்பாய். எரிச்சலாக வரும். வேலையை விட்டுவிட்டு இதென்ன விளையாட்டு என்று உன்மேல் கோபித்தும் இருக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் தகட்டோடு என் வலது கையும் உள்ளே போனது. நான் யோசிக்கவில்லை, கத்தக்கூட இல்லை. உடம்பு தானாகக் கம்பிமேல் விழுந்தது. உருளை நின்றது. தொட்டியடியிலிருந்து நீ ஓடிவந்த ஓட்டம் இன்றும் என் காதில் கேட்கிறது.

கஹவத்தை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டுப் போடுமுன் என் கையைப் பிடித்து, "எகயி, தெகயி, துனயி" என்று சிங்களத்தில் ஒவ்வொரு விரலாக எண்ணினாய். ஐந்தும் இருந்தன. நகம் இரண்டு கறுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். நர்ஸும் உன்னோடு சேர்ந்து எண்ணினார். ஐந்து என்று சொன்ன பிறகுதான் நீ அழுதாய். அழுதுகொண்டே, "ரெண்டு நாளைக்கி ஒனக்கு நாந்தான் சோறு ஊட்டணும்போல. தெண்டம்" என்றாய். கட்டிலில் படுத்தபடி நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களெல்லாம் உன்னைக் கூப்பிட்டன. நீ தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பேச, நான் பின்னால் கையுறையில் பால் திணித்துக்கொண்டிருப்பேன். பேசச் சொல்லி எத்தனை முறை முன்னால் தள்ளினாய். நான் ஒவ்வொரு முறையும் நழுவினேன்.

போன வருடம் ஒரு பிற்பகலில் நெஞ்சு வலி என்று படுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். செத்த வீட்டுக்கு எத்தனை ஸ்டோர்க்காரர்கள் வந்தார்கள், தெரியுமா? உன் மிஸ்ஸும் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இனி உனக்கு ஒரு செய்தி. உன் தொட்டியில் இப்போது சாந்தி என்ற புதுப் பெண் வேலை செய்கிறாள். போன வெள்ளிக்கிழமை கையுறை தீர்ந்துவிட்டது. வெறுங்கையால் அசிட் ஊற்ற மாட்டேன் என்று நின்றாள். புதிதாக வந்திருக்கிற ஐயா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். அவள் தலை குனிந்தது, ஆனாலும் நகரவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"கையுற வரட்டுங்க ஐயா. வந்ததும் ஊத்துவா. அதுவரைக்கும் தொட்டிக்குப் பால் வாங்க வேணாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பினார்.

ஸ்டோர் முழுக்க எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. என் குரல் நடுங்கவில்லை. நீ கேட்டிருக்க வேண்டும்.

உன்,
மகேஸ்