எனக்கு அன்று காய்ச்சல் இல்லை

கோலா சிலாங்கூர்
தைப்பூசத்துக்கு மறுநாள்

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மருந்தும் மாத்திரையுமாக நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் மருந்தில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, ஆனாலும் உன் தம்பி பவனேஷ் ரவாங்கிலிருந்து காரோடு வந்தால் செகிஞ்சானுக்கு மீன் வாங்க முதல் ஆளாக ஏறிக்கொள்கிறார். தம்பி மனைவி நித்தியாவுக்கு மாசியில் வளைகாப்பு.

கல்லூரி மலருக்கு நீ எழுதும் மாணவியர் பேரவை வரலாற்றைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். தமிழ்நாட்டில் நான் படித்த கல்லூரியிலேயே நீ ஆசிரியையாகி அதை எழுதுவது பெருமைதான். ஆனால் பேரவைத் தேர்தலை நிர்வாகம் கருணையோடு வழங்கியது என்றும், அதற்கு முந்தின வருடம் மலேசிய மாணவி லீலாவதி உடல்நலக் குறைவால் ஊர் திரும்பினார் என்றும் இருக்கிறதே, எனக்கு அன்று காய்ச்சல்கூட இல்லை. பழைய மலரில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றினால் முதல்வர் முகம் சுளிப்பார், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்று நீ சொன்னது புரிகிறது. அப்பாவும், விடு லா லீலா, இத்தன வருசம் கழிச்சி யாரு கேக்கப் போறா என்கிறார். நான் கேட்கிறேன்.

அந்தக் காலத்தில் பேரவைத் தலைவியை முதல்வரே கைகாட்டுவார், யார் தாமதமாக வந்தாள், யார் உரக்கச் சிரித்தாள் என்று அவள் போய்ச் சொல்வாள். விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நான் வாய் சும்மா இராமல், எங்க எஸ்டேட்டுல இதுக்குப் பேரு தலைவி இல்ல, மண்டோரு என்றேன். சில நாளில் விடுதி முழுக்க அதே பேச்சு. முதல்வர் கூப்பிட்டுப் பொருள் கேட்டார். எங்கள மேய்க்கத் தொரை வைக்கிற ஆளு மண்டோருங்கம்மா, நாங்க வைக்கிற ஆளுதான் தலைவி என்றேன். மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள், மாட்டேன் என்றேன், கல்லூரியிலிருந்து நீக்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். மறு வருடம் மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து தேர்தலை வாங்கினார்கள். எனக்குப் பட்டம் போனது, மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன்.

போன வாரம் நீ போனில், அம்மா இங்க பிள்ளைங்க வாத்தியார் வைக்கிற வகுப்புத் தலைவிய மண்டோருன்னு கேலி பண்ணுதுங்க, நம்ம ஊரு வார்த்த எப்படி இங்க வந்துச்சு என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை கண்ணு, அது நான் அங்கே விட்டுவிட்டு வந்த வார்த்தை.

அதனால் என் பெயரை எடுத்துவிடு, உன் வேலைக்கு முன்னால் அது பெரிதில்லை. ஆனால் வழங்கியது என்று எழுதாதே, பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள் என்று எழுது. அதற்கும் முகம் சுளித்தால் வேறு யாராவது எழுதட்டும், உன் கையால் வேண்டாம். மண்டோர் எப்படி வந்தது என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு, அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, பேத்தியை அதட்டாதே, வளைகாப்பு அன்று போனில் முகம் காட்ட மறக்காதே. உன் பேனா தாழாமல் இருக்க மாரியம்மன் துணையிருப்பாள்.

இன்றைக்கும் காய்ச்சல் இல்லாத உன் அம்மா,
லீலாவதி நல்லசாமி