வாலு கை தூக்கினாள்

அன்புள்ள பெரிய கண்ணுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் உன் தங்கச்சி வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, முகத்தில் கொஞ்சம் சதையோடு இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், அந்த நினைப்பைப் பொய்யாக்கிவிடாதே. போனில் பேசுகிற காலத்தில் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று உனக்குச் சிரிப்பு வரும். போனை எடுத்தால் உன் தங்கச்சி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பிடுங்கியும்கொள்கிறாள், சொல்ல வேண்டியதோ அவளைப் பற்றியது. இப்போது பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவின் பிள்ளைகளோடு விளையாடப் போயிருக்கிறாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த லீவுக்கு வருகிறேன் என்று நீ சொன்னாய், பிறகு ஆஸ்பத்திரியில் ட்யூட்டியை மாற்றிவிட்டார்கள் என்றாய், அதில் உன் தப்பு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். பச்சைக் குழந்தைகள் வார்டில் குழந்தைகள் லீவு பார்த்தா பிறக்கின்றன. கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, உன் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து, உறை மாற்றி விரித்த பிறகு நீ போன் பண்ணினாயே, அந்த ஒரு மணி நேரம் இருந்தது. அப்புறம் அந்தப் படுக்கையில் நானே படுத்து ஒரு தூக்கம் போட்டேன், சரியாகப் போயிற்று.

இங்கே ஆண்டுக் கடைசி லீவு விட்டாகிவிட்டது. தெரு பூராவும் பிள்ளைகள். காலையிலிருந்து பந்து சுவரில் அடிக்கிற சத்தம், சைக்கிள் மணி, யாராவது ஒருத்தி அழுதுகொண்டு அம்மாவிடம் கோள் சொல்லப் போகிற சத்தம். நம் வீட்டில் எப்போதும் தலைகீழ்தானே. அப்பாவுக்கு ஊரே பயணம் கிளம்புகிற இந்த நேரத்தில்தான் கூடுதல் பஸ், கூடுதல் ட்ரிப், வீட்டுப் பக்கம் தலைகாட்ட நேரம் இருக்காது, எல்லோரும் திரும்பி வந்து ஓய்ந்த பிறகுதான் அவருக்கு லீவு, அவருக்கு லீவு என்றால்தான் நமக்கும் லீவு. உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் தம்பியும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பின்னக்கணக்குப் போடும்போது வெளியே பிள்ளைகள் கத்துவார்கள், நீ ஜன்னலைப் படார் என்று சாத்திவிட்டு ஊருக்கே லீவாம் நமக்கு மட்டும் பரீட்சையாம் என்று முணுமுணுப்பாய், தம்பி மேஜைக்கு அடியில் உன்னை உதைப்பான், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அப்பாவுக்கு டிப்போ மாற்றல் வருஷத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்ததால்தான் உங்களை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது, இந்த ஊரில் ஒரு வருஷம் அந்த ஊரில் ஒரு வருஷம் என்று பள்ளிக்கூடம் மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அப்புறம் மாற்றல் நின்றுவிட்டது, பாடம் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போது நீ அங்கே, தம்பி அந்த ஹோட்டல் சமையலறையில் இராப்பகலாக வெங்காயம் உரித்துக்கொண்டு, நாலு நாற்காலி போட்ட மேஜையில் நானும் வாலுவும் மட்டும். இரண்டு நாற்காலியில் துணி மடித்து வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தவும் யாருக்கும் தோன்றுவதில்லை, அவள் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கச்சி பள்ளிக்கூடம் போகிறேன் என்கிறாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன், சொல்லிக்கொடுப்பது பிடிக்கவில்லையா என்று கேட்டேன், ரொம்பப் பிடிக்கும்மா ஆனா நான் போறேன் என்றாள். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, பல் தேய்க்கும்போது எல்லாம் இதே பாட்டு. நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் சரி வாடி விசாரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நீ முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையைக் கை சுருக்கி, கீழே மடித்துத் தைத்துப் போட்டுவிட்டேன், எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, அவள் வரைந்த எரிமலைப் படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து, இரண்டு பேரும் ராணி மாதிரி நடந்து போனோம். போனால் கேட்டில் இவ்வளவு பெரிய பூட்டு. நான் பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன், உள்ளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த காவல்காரர் எட்டிப் பார்த்து, என்னம்மா ஊரே லீவுல இருக்கு நீங்க எந்த உலகத்துல இருக்கீங்க என்று கேட்டார். எனக்கு மானமே போய்விட்டது. தெருவெல்லாம் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள், லீவு என்று எனக்கே தெரியும், ஆனால் லீவு என்றால் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் என்று இரண்டு பேர் புத்தியிலும் ஏறவில்லை பார். நமக்குத்தான் லீவானாலும் மேஜை அங்கேயே இருக்குமே. சிரிப்பை அடக்க முடியாமல் நான் சிரித்தேன், வாலுவும் சிரித்தாள், அவள் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அந்த மனுஷன் நல்லவர். பாப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, சரி வந்துட்டீங்க ஒரு சுத்து பாத்துட்டுப் போங்க என்று சின்னக் கதவைத் திறந்துவிட்டார். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், ஒரே ஒரு பெஞ்சு மட்டும் கீழே கிடந்தது. அவள் நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். நடுவில் உட்காரவில்லை, சுவர் ஓரமாக ஒண்டி உட்கார்ந்து மிச்ச இடத்தைக் கையால் தடவினாள். என் பக்கத்துல யாரு உக்காருவாங்க என்று அவரைக் கேட்டாள். யாரு வேணா உக்காருவாங்க பாப்பா, சண்டை போடாம இருந்தா சரி என்றார். சண்டை போட்டா என்று கேட்டாள். வேற யாராவது வந்து உக்காருவாங்க என்றார். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்கு என்ன ஆயிற்று என்று உன்னிடம் மறைக்கப் போவதில்லை. கேட்டில் அந்தப் பூட்டைப் பார்த்தபோது வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் அப்பாடா என்று இருந்தது. லீவு முடிகிற வரைக்கும் இவள் என்னோடுதானே என்று இருந்தது. அம்மா என்கிறவள் இப்படி நினைப்பாளா என்று கேட்காதே, நினைத்தேன்.

அதற்குள் அவள் மனசை மாற்றிவிடலாம் என்று நானும் என்னென்னவோ செய்தேன். இந்த வருஷம் நமக்கும் லீவு, பாடமே கிடையாது என்றேன். லீவுன்னா பள்ளிக்கூடம் இருக்கிறவங்களுக்குத்தானேம்மா என்று பொட்டில் அடித்த மாதிரி சொல்லிவிட்டுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டாள். பூங்காவுக்குக் கூட்டிப் போனேன், ஊஞ்சலில் ஆட்டிவிட்டேன், என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. சீட்டு விளையாடினோம், இரண்டு பேர் ஆட்டத்தில் யார் கையில் என்ன இருக்கிறது என்று இரண்டாவது நிமிஷமே தெரிந்துபோகிறது. கடைசியில் நானே போய்த் தையல்கார அக்காவிடம் பிள்ளைகளை அனுப்பச் சொன்னேன். அந்த மகராசி, கூட்டிட்டுப் போங்க தாயே எனக்கு மிஷின்ல ஒரு நூல் கோக்க விட மாட்டேங்குதுங்க என்று இரண்டையும் தள்ளிவிட்டாள். மூன்றும் சேர்ந்து பள்ளிக்கூட விளையாட்டு. நம் வாலு டீச்சர். நன்றாகத்தான் நடந்தது, ஆனால் இவள் வகுப்பில் பசித்தால் எழுந்துபோய்ச் சாப்பிடலாம், புரியாவிட்டால் டீச்சர் மடியில் வந்து உட்காரலாம், மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். அதுகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. பள்ளிக்கூடத்துல அப்படியெல்லாம் செஞ்சா வெளியில நிப்பாட்டிடுவாங்க, தண்ணி குடிக்கக்கூடக் கை தூக்கித்தான் கேக்கணும் என்று அந்தப் பெரிய பெண் சொன்னாள். இனி இவள் பயந்துவிடுவாள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்பாள் என்று நான் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள், பிறகு கதை சொல்லச் சொல்கிற மாதிரி, இன்னும் சொல்லு இன்னும் சொல்லு என்றாள்.

மறுநாள் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன், பின்னால் சத்தமே இல்லை. திரும்பினால் இவள் அடுப்படி வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னடி இது கோலம் என்றேன். தண்ணி குடிக்கலாமா என்று கேட்டாள். இருக்கிறது நீ ஒருத்தி, உனக்கு எதுக்குடி கை தூக்கணும், யாரைத் தாண்டி நான் உன்னைப் பாக்கணும் என்று சிரித்தேன். அதான்மா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கையை இறக்கிவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அக்காவுக்கு அண்ணன் இருந்தான், அண்ணனுக்கு அக்கா இருந்தா, எனக்கு நீ மட்டும்தான்மா இருக்கே என்றாள். குறை சொல்கிற குரலில்லை கண்ணு, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்பது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தையெல்லாம் இறக்கி இன்னொரு தரம் கழுவினேன். இவளுக்கு நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், இவள் இந்த வீட்டில் இவ்வளவு தனியாக இருந்திருக்கிறாள். என்னைப் போலவே இருந்திருக்கிறாள். ஒரே மேஜையில் இரண்டு பேரும்.

அப்பா இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் ஒரு அரை நாள் வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, காக்கிச் சட்டை கழுத்தில் உப்புப் பூத்து. சோற்றைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எப்போதும் போல மென்றுகொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, அவ போகட்டும், நல்லாத்தான் இருப்பா, நீ என்ன பண்ணப்போறே என்று கேட்டார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் என்னை அப்படிக் கேட்கிறார் என்று நினைத்தேன். யோசித்து, தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு பதில் சொல்லத் திரும்பினால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை. எழுப்ப மனசு வரவில்லை, தலைக்கு அடியில் தலையணையை மட்டும் நகர்த்தினேன். சாயங்காலம் எழுந்து அவசர அவசரமாகப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார், கேட்டதும் மறந்திருக்கும், ஓட்டுகிறவருக்கு ரோடு ஞாபகம் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே வாலுவிடம் சொல்லிவிட்டேன், திறந்த அன்றைக்கே சேர்த்துவிடுகிறேன் என்று. குதிப்பாள், கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தால், நான் போயிட்டா நீ யார்கூடம்மா படிப்பே என்றாள். எனக்கு இனிமே என்னடி படிப்பு என்றேன். எரிமலைப் பாடம் பாதியிலயே நிக்குதே, சரி சாயந்தரம் வந்து நான் உனக்குச் சொல்லித்தரேன், அழக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டுத் தையல்கார அக்கா வீட்டுக்கு ஓடிவிட்டாள், செய்தி சொல்ல. நான் அழவில்லை. வெங்காயம்கூட நறுக்கவில்லை.

நீ அவளுக்குப் போன் பண்ணும்போது நாங்க வீட்டிலேயே படிச்சுத்தானே ஆளானோம் என்று ஆரம்பித்துவிடாதே, உன் வாய் எனக்குத் தெரியும். உங்களுக்கு உதைத்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தது. அவளை வாழ்த்து, பென்சில் டப்பா வேண்டுமா என்று கேள், அவ்வளவு போதும். உன் விஷயம், ட்யூட்டி முடிந்து வந்து ஈரத்தலையோடு படுக்காதே. நிற்கிற வேலை, காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படு. பிரெட்டைத் தின்றுவிட்டு சாப்பிட்டாயிற்று என்று என்னிடம் அளக்காதே. தம்பிக்கு நீயாக ஒரு போன் போடு, அவன் தானாகப் போடுகிற ஜாதியில்லை. உன் கைபட்ட குழந்தைகள் எல்லாம் நோய்நொடியில்லாமல் வளரட்டும், உன் கைக்கும் காலுக்கும் வலி வராமல் இருக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் பக்கத்தில் பேச ஒரு ஆள் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு நீ சாயங்காலம்தான் கூப்பிடுவாய், அவள் கதையைக் கேட்க. அதைச் செய். ஆனால் அதற்கு முன்னால், காலையில் அவளை விட்டுவிட்டு நான் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் ஒரு தரம் கூப்பிடு. அவள் இருக்கமாட்டாள். சொல்ல ஒரு செய்தியும் இருக்காது. நான் எடுப்பேன், என்னோடு பேசு.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருக்கும்
உன் அம்மா